தண்ணீர் எங்கே போகிறது

காரியாபட்டி தாண்டினதுமே இஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் மேலே நகர ஆரம்பித்துவிட்டது. தனுஷ்கோடி அதைப் பார்த்தான், பிறகு பார்க்காதவன் மாதிரி ரோட்டைப் பார்த்தான். பார்த்ததாக ஒப்புக்கொண்டால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும், ஓரங்கட்டினால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற மங்களேஸ்வரிக்கு ஏன் என்று சொல்ல வேண்டும், அதற்கு இஞ்சின் வெந்து போனாலே தேவலை. சித்திரை மாசத்து வெயில், நாலு கண்ணாடியும் இறக்கியாகிவிட்டது, போதாததற்கு ஹீட்டரும் முழுசாகத் திறந்திருந்தது. வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள். இது பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த வித்தை. இஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஹீட்டரின் சின்ன ரேடியேட்டர் வழியாகவும் ஒரு சுற்று வரும், சூட்டைக் காருக்குள் இறக்கிவைத்துவிட்டுப் போகும், இஞ்சின் கொஞ்சம் மூச்சு விடும். உள்ளே இருக்கிறவர்கள் வேக வேண்டும், அவ்வளவுதான். அவன் வெந்துகொண்டிருந்தான், ஆனால் அது யாரோ வேகிற மாதிரி இருந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தது. மதுரை கோர்ட்டில் மத்தியானத்துக்குள் கூப்பிட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ரெண்டு பேரும் மனமொத்துக் கேட்ட விவாகரத்து, இன்றைக்குக் கடைசித் தடவை, ஆளுக்கொரு சம்மதம் சொன்னால் முடிந்தது. மனமொத்து என்ற வார்த்தையை முதலில் கேட்டபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு இதில் மனமே இல்லை. அதை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, அவளிடம் உட்பட.

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் வேறு வழி இல்லாமல் போயிற்று. ரோட்டோரம் ஒரு வேப்பமரம், அதன் கீழே டயர் தொங்கவிட்ட ஒரு பஞ்சர் கடை, அங்கே கொண்டுபோய் நிறுத்தினான். பானெட்டைத் தூக்கினான். ஆவி முகத்தில் அடித்தது. இப்போது ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது, திறந்தால் கொதிதண்ணீர் பீய்ச்சி அடிக்கும், ஆறட்டும், காத்திருக்க வேண்டும். காத்திருப்பது அவனுக்குக் கைவந்த கலை. அருப்புக்கோட்டை மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்து தலைமயிர் கொட்டினவன். எந்த மிஷின் நின்றாலும் தனுஷ்கோடியைக் கூப்பிடு என்பார்கள். அவன் அவசரப்படமாட்டான். ஒன்றொன்றாகத் தொட்டு, இது இல்லை, இது இல்லை என்று தள்ளிக்கொண்டே வருவான், மிச்சம் நிற்பதுதான் குற்றவாளி. ஆனால் இந்தக் கார் அவனைப் பல மாசமாக முட்டாளாக்கிக்கொண்டிருந்தது. முதலில் ஃபேன் சுற்றவில்லை, அது வாஸ்தவம், அதைக் கண்டுபிடித்து மாற்றினான். அன்றைக்கு ஹீட்டரைத் திறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தான், அதன்பிறகும் நம்பிக்கை இல்லாமல் அதைத் திறந்தே வைத்திருந்தான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று. பிறகும் சூடேறியது. பெல்ட் பார்த்தான், இறுக்கமாக இருந்தது. ரேடியேட்டரின் ரப்பர்க் குழாய்கள், மேல் ஓஸ், கீழ் ஓஸ், அமுக்கிப் பார்த்தான், வெடிப்பு இல்லை. மூடியின் ரப்பர் நைந்திருந்தது, புது மூடி போட்டான். சூடேறினால் வாய் திறந்து தண்ணீரை விடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அடுப்பில் வெந்நீர் வைத்து அதில் போட்டு, வாய் திறக்கிறதா என்று அடுப்படியில் நின்று பார்த்தான், சமத்தாகத் திறந்தது. மங்களேஸ்வரி அப்போது குழம்புச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஒதுங்கி நின்று வழிவிட்டாள். தண்ணீர் மட்டும் வாரா வாரம் குறைந்தது. ராத்திரி காருக்குக் கீழே சிமென்ட் பை பேப்பரை விரித்து வைத்துக் காலையில் எடுத்துப் பார்த்தான், ஒரு சொட்டு இல்லை. ஊற்றுகிறான், போகிறது, எங்கே போகிறது. கீழே விழவில்லை. புகைபோக்கியில் வெள்ளைப் புகை இல்லை. அப்படியென்றால் எங்கே போகிறது. சாப்பிடும்போது இதை நினைப்பான், குளிக்கும்போது நினைப்பான், அவனுக்கு நினைக்க வேறு பெரிய விஷயம் இருந்தும் இதைத்தான் நினைப்பான். ஒருவேளை அதனால்தானோ என்னவோ.

அந்தப் பெரிய விஷயத்துக்கு ஆரம்பம் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. சண்டை போட்ட ஞாபகம் இல்லை. மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள், வீட்டில் ரெண்டு பேர், டிவி, சுவர்க்கடிகாரம். பேச்சு குறைந்தது. எல்லா வீட்டிலும் குறையும். பிறகு ஒருநாள் கவனித்தபோது அவள் அவனிடம் பேசவில்லை, காற்றிடம் பேசிக்கொண்டிருந்தாள். சிலிண்டர் தீரப்போகுது, பதிஞ்சு வைக்கணும். யாராவது ரேஷன் கடைக்குப் போனா நல்லது. அவனும் சளைத்தவனா, அவனும் டிவியைப் பார்த்து, பதிஞ்சாச்சு, நாளைக்குப் போகலாம் என்று பதில் சொல்லக் கற்றுக்கொண்டான். நீ, நீங்க, இந்தா, ஏங்க எல்லாம் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் காலிசெய்துகொண்டு போயின. வசதியாகக்கூட இருந்தது. காற்றிடம் பேசுகிற வீட்டில் யாரும் யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது. மகள் போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போட்டு ரெண்டு பேரும் அவளிடம் பேசுவார்கள், அந்த நேரத்துக்கு ஒரு குடும்பம் மாதிரி இருக்கும். அப்படித்தான் ஒரு சாயங்காலம் மங்களேஸ்வரி பூண்டு உரித்துக்கொண்டே, ஒரு வக்கீலப் பாக்கணும், இப்படியே எதுக்கு இருக்கணும், பரமக்குடில அண்ணன் வீடு சும்மாதான் கெடக்கு, என்று முறத்திடம் சொன்னாள். டிவியில் மழைச் செய்தி. அவன் டிவியிடம் சொன்னான், பாக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான். பாக்கலாம். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஏன் என்று கேட்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவில்லை, நெஞ்சு அடைத்ததா என்றால் அதுவும் இல்லை, பல்லைப் பிடுங்கும் முன் ஊசி போட்டால் கன்னம் இருக்குமே அப்படி இருந்தது, தொட்டால் கன்னம் இருக்கிறது, ஆனால் நம்முடையது இல்லை. இன்றைக்கு வரை அந்த ஊசி இறங்கவில்லை. கோர்ட்டுக்குக் கூட பஸ்ஸில் தனித்தனியாகப் போகலாம் என்று இருந்தது, நேற்று ராத்திரி அவன்தான் கொசுவர்த்தியைப் பார்த்து, கார்லயே போயிரலாம், எதுக்கு வெயில்ல பஸ்ஸுக்கு நின்னுகிட்டு, என்று சொன்னான். காலையில் அவள் ரெடியாகி முன் சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். பிரியப் போகிறவர்கள் ஒரே காரில் வருவதை வக்கீல் பார்த்தால் சிரிப்பார். எந்த நாளில் இது ஆரம்பித்தது. அவளுடைய அம்மா இறந்தபோது மில்லில் ஷட்டவுன் வேலை, பதினாறாம் நாளுக்குத்தான் போனான், அதுவா. அதற்குப் பிறகும் சிரித்துப் பேசியிருக்கிறாள், அது இல்லை. மகள் கல்யாணத்தில் சம்பந்தி முன்னால் அவளை அதட்டினானே, அதுவா. அன்றைக்கு ராத்திரியே அதைச் சொல்லித் திட்டித் தீர்த்துவிட்டாள், அதுவும் இல்லை. இது இல்லை, இது இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தான். மிச்சம் நிற்பதைப் பார்க்கப் பயமாக இருந்தது, அதனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

பஞ்சர் கடைக்காரன் பெயர் சேதுராஜ். கையில் கிரீஸோடு வந்து நின்று, இஞ்சினை ஒரு பார்வை பார்த்து, தொடாமலே தீர்ப்பு சொல்லிவிட்டான். இஞ்சினுக்குள் தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்துவைக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டதாம். இந்த மாடலுக்கெல்லாம் இதுதானாம், போன வாரம்கூட ஒரு வண்டி இதே இடத்தில் நின்றதாம், அவன் மச்சான் ஒருத்தன் இருக்கிறானாம், கூப்பிட்டால் வந்து இழுத்துக்கொண்டு போவானாம். அவனுக்கு டயரைத் தவிர எல்லாவற்றிலும் அபிப்பிராயம் இருந்தது. மங்களேஸ்வரி இறங்கி மரத்தடிக்குப் போய், கடையில் கிடந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மதுரைப் பக்கம் போகிற பஸ்களைப் பார்த்தபடி.

“ஹெட்டு போச்சுன்னா இன்னிக்கு நீங்க மதுரை போன மாதிரிதாண்ணே,” என்றான் சேதுராஜ்.

அதைக் கேட்டதும் தனுஷ்கோடிக்கு உள்ளே ஏதோ ஒன்று லேசாக இளகியது. என்ன அது என்று பார்த்தான். சந்தோஷம். வெட்கமில்லாமல் சந்தோஷம். கேஸ்கெட் போயிருந்தால் காரை இழுத்துப் போக வேண்டும், கோர்ட்டில் கூப்பிடும்போது ரெண்டு பேரும் இருக்கமாட்டார்கள், வாய்தா போடுவார்கள், இன்னும் ஒரு மாசமோ ரெண்டு மாசமோ அவள் அடுப்படியில் இருப்பாள், சிலிண்டர் தீரப்போகுது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு. அவ்வளவு போதும், அவனுக்கு அவ்வளவு போதும். அவள் பஸ் ஏறித் தனியாகப் போய் நின்றாலும் ஒன்றும் ஆகாது, ரெண்டு பேரும் வேண்டும். மனுஷன் தன் வண்டி கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வானா, அவன் வேண்டிக்கொண்டான். ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு மெதுவாகத் திருகினான், புஸ்ஸென்று மிச்ச ஆவி போனது. உள்ளே தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. சேதுராஜ் டியூப் முக்குகிற தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு கொடுத்தான். மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து, கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீரில் குமிழி குமிழியாக வரும், சேதுராஜை ரேஸ் பண்ணச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தான். குமிழி வா என்று பார்த்தான். தண்ணீர் அசையாமல் கிடந்தது, அதில் வேப்பமரமும் அவன் தலையும் தெரிந்தன. ஒரே ஒரு குமிழி வந்தது, அது ஊற்றும்போது போன காற்று. பிறகு ஒன்றும் இல்லை. ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தான், எண்ணெய் எண்ணெயாகத்தான் இருந்தது, தண்ணீர் கலந்தால் டீ நிறத்துக்கு வந்துவிடும். கேஸ்கெட் இல்லை. எவ்வளவு நல்ல இஞ்சின் என்று எரிச்சலாக வந்தது. அப்படியென்றால் தண்ணீர் எங்கே போகிறது.

ஓஸ்களைப் பிடித்திருக்கிற கிளாம்புகளையாவது ஒருமுறை இறுக்கிவைப்போம் என்று ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் போனான். டூல்ஸ் பை இடதுபக்க முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கை விடக் குனிந்து, இன்னொரு கையைக் கீழே ஊன்றினான். ஊன்றின கை சொதசொதவென்று அமுங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் தண்ணீர் பாட்டில் சாய்ந்துவிட்டது என்று நினைத்தான். கையை எடுத்துப் பார்த்தான், விரலில் லேசான பச்சை, பிசுபிசுப்பு, முகர்ந்தால் ஒருமாதிரித் தித்திப்பு வாடை. அவன் வாரா வாரம் தண்ணீரோடு கலந்து ஊற்றுகிற கூலன்ட். அங்கேயே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். கால்மிதிக்கு மேலே செய்தித்தாள் நாலைந்து மடிப்பாக விரித்திருந்தது, மேல்தாள் இந்த வாரத்துப் பேப்பர், அடியில் இருப்பவை கூழாகிக் கிடந்தன. அதற்கும் அடியில் அவனுடைய பழைய துண்டு ஒன்று, ரொம்ப நாளாகக் காணோம் என்று தேடிய துண்டு, நாலாக மடித்துப் போட்டிருந்தது. துண்டைத் தூக்கினான், தண்ணீர் வழிந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மேலே பார்த்தான். ஹீட்டரின் ஓரத்தில் ஒரு சொட்டு உருண்டு நின்று, விழுந்தது. இன்னொன்று. அவனுக்கு எல்லாம் புரிந்துபோனது, அவ்வளவு சுலபமாக இருந்தது. ஹீட்டர் ஓட்டை. சூடேறக் கூடாதென்று அவன் ஹீட்டரைத் திறந்துவைத்தான், திறந்துவைத்ததால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் போனது, போனதால் சூடேறியது, சூடேறியதால் இன்னும் திறந்துவைத்தான். வெளியே ஒரு சொட்டு விழவில்லை, விழுந்ததெல்லாம் உள்ளேதான் விழுந்தது, இவள் காலில். அவன் காருக்கு வெளியே எல்லா இடத்திலும் தேடினான். உள்ளே ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. போன மாசமெல்லாம் சாயங்காலம் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கால் விரல் இடுக்கில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. பித்தவெடிப்பு என்று நினைத்தான். நினைத்தான் என்பதுகூடப் பொய், பார்த்துக்கொண்டே தாண்டிப் போனான். சேற்றுப்புண். நடவுக்குப் போகிறவர்களுக்கு வருவது, காரில் போகிறவளுக்கு வந்திருக்கிறது. கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, அவ்வளவு தூரமும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, முகத்தில் ஹீட்டர் காற்றோடு, வாயைத் திறக்காமல் வந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. அந்த அவமானமும் பக்கத்து வீட்டில் யாரோ அழுகிற சத்தம் மாதிரி தள்ளித்தான் கேட்டது.

வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. ஹீட்டருக்குப் போகிற ஓஸ், அங்கிருந்து திரும்புகிற ஓஸ், ரெண்டையும் கழற்றி, சேதுராஜ் தேடிக் கொடுத்த ஒரு துண்டு இரும்புக் குழாயை நடுவில் வைத்து ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினான். இனிமேல் தண்ணீர் ஹீட்டர் பக்கமே போகாது. கால்மிதியைச் சுருட்டி எடுத்து டிக்கியில் போட்டான். கேஸ்கெட் தீர்ப்பு பொய்த்துப்போன வருத்தம் சேதுராஜுக்கு இருந்தாலும், கையைத் துடைத்துக்கொண்டே மங்களேஸ்வரியிடம் விசாரணைக்குப் போனான்.

“எப்ப இருந்துக்கா இப்பிடி ஒழுகுது?”

“தீபாவளிக்கு முன்னாடியே இருந்துச்சு,” என்றாள் அவள்.

“சொல்லியிருக்கலாம்லக்கா. அண்ணன் இந்நேரம் வரைக்கும் இஞ்சினப் போட்டு நோண்டிக்கிட்டு.”

அவள் ஒரு கணம் தனுஷ்கோடி நின்ற திசையைப் பார்த்தாள். அவன் வாளியைக் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

“ஏசி தண்ணின்னு நெனச்சேன்,” என்றாள்.

அந்தக் காரில் ஏசி வேலை செய்து பல வருஷம் ஆகிறது. அது அவளுக்குத் தெரியும், தெரியும் என்று அவனுக்கும் தெரியும். முன்பின் தெரியாத ஒரு பஞ்சர் கடைக்காரன் முன்னால் அவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். கோர்ட்டில் சம்மதம் சொல்லப் போகிற வழியில் நின்றுகொண்டு அவன் மானத்தைக் காப்பாற்றுகிறாள். கன்னத்தில் அந்த ஊசி போட்ட இடத்தில் சுருக்கென்றது, முதல்முறையாக. சேதுராஜுக்கு நன்றி சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தான். அவள் வந்து முன் சீட்டிலேயே உட்கார்ந்தாள், கால்மிதி இல்லாத வெறும் தகரத்தில் பாதங்களை வைத்து, காய்ந்திருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். மணி அதிகம் ஆகவில்லை. கூப்பிடுவதற்குள் தாராளமாகப் போய்விடலாம். வண்டியில் இனி ஒரு கோளாறும் இல்லை, சாக்குச் சொல்ல அவனிடம் ஒரு ஓட்டைகூட மிச்சமில்லை. ஜட்ஜ் தனித்தனியாகக் கேட்பாராம், உங்களுக்குச் சம்மதமா, யாரும் வற்புறுத்தவில்லையே என்று. அவன் சம்மதம் என்பான், அவனுக்கு அவனைத் தெரியும், எதிரே இருக்கிற சுவரைப் பார்த்து நல்ல தெளிவான குரலில் சொல்வான். சாயங்காலம் இந்தக் காரில் தனியாகத் திரும்பி வருவான். வீட்டைத் திறந்து லைட்டைப் போடுவான். காற்றிடம் பேசினால் அப்போது நிஜமாகவே காற்றுதான் இருக்கும். இதை நினைத்ததும் பயம் வந்தது, சந்தேகமே இல்லாமல் பயம். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும். நெஞ்சில் இருந்த வார்த்தை தொண்டைக்கு வந்தது, தொண்டையிலிருந்து நாக்குக்கு வந்தது, அவன் சாவியைத் திருப்பினான், இஞ்சின் பிடித்துக்கொண்டது, முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்.

“இன்னைக்குப் போகாம இருந்தாலும் ஒண்ணும் கெட்டுப்போயிராது.”

ஒரு பஸ் தாண்டிப் போனது. அதன் தூசி அடங்கியது.

“இத யார்கிட்ட சொல்றீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. சீட்டில் அவன் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டாள். சொல்றீங்க என்று அவனைப் பார்த்து அவள் சொல்லி எத்தனையோ காலம் ஆயிற்று. பதில் ரொம்பச் சின்னது. உன்கிட்டதான். அதுகூட வேண்டாம், மங்களேஸ்வரி என்று பெயரைச் சொன்னால் போதும், பெயர்கூட வேண்டாம், தலையை இடதுபக்கம் திருப்பினால் போதும், மிச்சத்தை அவள் எடுத்துக்கொள்வாள், அதற்குத்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு செத்த பூச்சி தெரிந்தது, வேப்பம்பூ ரெண்டு பானெட்டில் விழுந்திருந்தது தெரிந்தது, கியர் ராடின்மேல் தன் கை இருப்பது தெரிந்தது. திரும்பு என்று கழுத்துக்குச் சொன்னான். கழுத்து யாருடையதோ மாதிரி நின்றது. இன்னும் கொஞ்சம் இரு, இன்னும் கொஞ்சம், எல்லாம் மெதுவாகத்தான் செய்வேன், மெதுவாகத்தானே எனக்கு வரும், என்று மனசுக்குள் அவளிடம் சொன்னான். அவள் இருந்தாள். ஒரு மனுஷிக்கு எவ்வளவு நேரம் இருக்க முடியுமோ அவ்வளவு நேரம் இருந்தாள். பிறகு மெல்ல நேராகத் திரும்பி உட்கார்ந்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். அவன் கியரைப் போட்டான். வலையங்குளம் தாண்டி, ஏர்போர்ட் ரோடு தாண்டி, மதுரைக்குள் நுழைந்து கோர்ட் வாசலில் போய் நிற்கும்வரை வண்டி ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.